தாடையோரக் கணக்கு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மருந்துக்கடையில் நிற்கிறேன்.
எனக்குப் பின்னால், மூன்றாம் தட்டில்,
பருவுக்கான களிம்புகள் பதினொரு வகை.
எனக்கு முன்னால் என் முகம்.
க்ரீம் கேட்டு வரும் பெண்கள்
அதை ஒருதரம் பார்த்துவிட்டு
பஞ்சு வாங்கிப் போகிறார்கள்.

இருபத்தொன்பது வயதில்
பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தாடை.
மாதவிலக்குக்கு எட்டு நாள் முன்னே
இடது பக்கம் ஒன்று,
தொட்டால் பல்வலிபோல் உள்ளே விண்ணென்று.
களியக்காவிளை பஸ்ஸுக்குக்கூட
இத்தனை ஒழுங்கு கிடையாது.

மருந்து சொல்லாதவர் யார்?
தையல்கடை விமலா கற்றாழை என்றாள்.
யோகா வகுப்பில் மீனை விடச் சொன்னார்கள்.
மீன்காரி ஸ்டெல்லா, மீனை மட்டும் விட்டிராத பிள்ளே என்றாள்.
எலுமிச்சை தேய்த்துக்கொண்டு ஒரு ஞாயிறு
தேங்காப்பட்டணத்துக்கு ஸ்கூட்டரில் போனேன்.
வெயில் அந்தச் சாற்றின்மேல் போட்ட கையெழுத்து
இரண்டு மாதம் அழியவில்லை.
கஸ்தூரி மஞ்சளென்று சந்தையில் வாங்கியது
மஞ்சக்கூவை.
வேப்பிலை அரைத்துப் பூசி உறங்கினேன்;
தலையணை உறைக்கு இன்றுவரை
ஒரு பருவும் வந்ததில்லை.

தரகர் கேட்ட போட்டோவில்
ஸ்டூடியோக்காரன் என் தாடையை
இஸ்திரி போட்டுத் தந்தான்.
பெண் பார்க்க வந்த குலசேகரத்து வீட்டார்
படத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தார்கள்,
ரேஷன் கடையில் அட்டையையும் ஆளையும் பார்ப்பதுபோல.
முந்திரிக்கொத்தை மட்டும்
மிச்சமில்லாமல் தின்றார்கள்.

நாகர்கோவில் டாக்டர்
ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து
சினைப்பையில் முத்துமுத்தாய் எதையோ காட்டினார்.
நானே விற்கும் மாத்திரையை
எனக்கே எழுதித் தந்தார்.
தின்பதைக் கவனி என்றார். எதை என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி
காலாவதி மருந்து எழுதும் நோட்டைப்
பின்பக்கமிருந்து திறந்தேன்.
தேதி, தின்றது, தூக்கம், முகம்.

செவ்வாய்: மரச்சீனி, சாளைக்கறி. ஒன்றுமில்லை.
புதன்: பழம்பொரி இரண்டு, பால்சாயா மூன்று,
அண்ணனோடு சண்டை, ஒரு மணிவரை விழிப்பு.
வெள்ளி: இடது பக்கம். சுண்டல்கடலை அளவு.

நாலு மாதத்தில்
மீனுக்கு விடுதலை கிடைத்தது.
மரச்சீனிமேல் சந்தேகம் உண்டு, சாட்சி இல்லை.
அண்ணனை நிறுத்த வழியில்லை.
மாட்டிக்கொண்டது நாலுமணிச் சாயா,
பக்கத்துக் கடை ரசாக் எனக்கென்று
இரண்டு கரண்டி சீனி கூடுதலாய்ப் போட்டு
நுரை பொங்க ஆற்றித் தரும் அன்பு.

கட்டன் போதும், சீனி வேண்டாம் என்றேன்.
"என்னா பிணக்கமா?" என்றார்.

நேற்று கடை அடைக்கும் நேரத்தில்
ப்ளஸ் ஒன் பையன் ஒருவன், முகக்கவசத்தோடு,
ஆள் ஒழியும்வரை
குளுக்கோஸ் பொட்டலங்களை எண்ணிக்கொண்டு நின்றான்.
பிறகு கவசத்தை இறக்கினான்.
என் முகத்தைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு, நகராமல், இன்னும் கிட்டே வந்தான்.
"அக்கா, இதில எது கேக்கும்?"

பதினொன்றையும் திரும்பிப் பார்த்தேன்.
"தெரியல்ல மக்களே.
தேங்காயெண்ணெய் மொகத்தில தேய்க்கியா?"
"அம்மா தேச்சு விடும்."
"தலையோட நிப்பாட்டச் சொல்லு. நுள்ளாத."
நோட்டில் ஒரு தாள் கிழித்து
நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன்.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
"இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.

இன்று காலை கண்ணாடியில்
வந்துவிட்டது. அதே எட்டு நாள், அதே இடது பக்கம்.
விரலை எடுத்துக்கொண்டேன்.
கடையில் நோட்டைத் திறந்து
போன மாதக் கட்டத்தில் பயறு என்றிருப்பதைப் பார்த்து
இந்த மாதத்துக்குக் கீழே
கடுகு என்று எழுதினேன்.

ரசாக் இன்னும்
பிணக்கம் என்றே நினைக்கிறார்.